மைலேஜ்காரர்

கையில் உருட்டுக்கட்டையுடன் மாடிப்படிக்குக் கீழே குந்தியிருந்தார் மைலேஜ்காரர். இன்னும் விடியவில்லை. நடைப்பயிற்சிக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, தெருமுனை வரை போய், பூனை மாதிரி திரும்பி வந்து பதுங்கியிருந்தார்.

எதிரே அவருடைய ஸ்கூட்டர் நின்றது. நேற்று அவர் நடந்துவிட்டு வந்தபோது டாங்க் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் சிந்தியிருந்தது. ஆக, தான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எவனோ டாங்கில் கைவைக்கிறான்.

அந்த எவன் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. மாடிவீட்டுக்காரர்தான். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே தொழிற்சங்கம், கட்சி மட்டும் வேறு. மைலேஜ்காரருடைய கட்சி ஆட்சியில் இருந்தது, வினையே அதுதான்.

பெட்ரோல் விலை ஏற ஏற சங்கத்தில் எல்லோரும் கொதித்தார்கள். பெட்ரோல் படியை உயர்த்தச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு தயார் செய்தார்கள். செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் மனு நகரும், செயலாளரோ நம் மைலேஜ்காரர். போடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் மனிதர்.

"விலை ஏறினா ஏறட்டுமேய்யா. அன்னைக்கும் மாசம் பொறந்தா அதே தொகைக்குத்தான் போட்டேன், இன்னைக்கும் அதே தொகைக்குத்தான் போடறேன். மாசக் கடைசி வரைக்கும் ஜம்முன்னு ஓடுது. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியல, அதுக்குப் போய் அரசாங்கத்தைத் திட்டறீங்க."

வாய்ச்சவடால் இல்லை, வண்டி உண்மையாகவே ஓடியது. முதல்முறை விலை ஏறியபோது மட்டும் ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிட்டது. வேகாத வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே மயங்கி விழுந்தார். இனி இந்த நெஞ்சு இதையெல்லாம் தாங்காதும்மா என்று டாக்டர் மனைவியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மெதுவாக ஓட்டப் பழகினார். இறக்கத்தில் எஞ்சினை அணைத்தார், சிக்னலில் அணைத்தார். விலை அடுத்தடுத்து ஏறியும் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. மைலேஜ்காரர் என்ற பட்டப்பெயர் வந்தது, கூடவே தலைக்கனமும் வந்தது.

அந்தத் தலைக்கனம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. வீட்டில் பால் பாதியாகி, டீ வெந்நீராகி வெகுநாளாகிவிட்டது. துணிக்கடை வேலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த மனைவி இப்போதெல்லாம் நடந்தே போய் வந்தாள். "எனக்கு வண்டி ஓட்டத் தெரிஞ்ச மாதிரி உனக்குக் குடும்பம் ஓட்டத் தெரியலையே" என்று தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் இடித்துக் காட்டுவார். அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன வாரம்தான் மாடிவீட்டுக்காரர் சங்கத்தில் அத்தனை பேர் முன்னால் சவால் விட்டார். மாதக் கடைசி நாளில் கம்பெனி வாசலில் டாங்கைத் திறந்து காட்டவேண்டும். காய்ந்து கிடந்தால் மனுவில் கையெழுத்துப் போடவேண்டும், மீசையையும் எடுத்துவிடவேண்டும். மீசையைத் தடவிக்கொண்டே சரி என்றுவிட்டார் நம்மவர்.

இன்றைக்குத்தான் மாதக் கடைசி.

கதவு ஒன்று மெல்லக் கிறீச்சிட்டது. யார் வீட்டுக் கதவு என்று இருட்டில் பிடிபடவில்லை. தலையோடு போர்வை போர்த்திய உருவம் ஒன்று, கையில் கேனுடன், செருப்பில்லாத காலால் அடிமேல் அடிவைத்து ஸ்கூட்டரை நெருங்கியது.

மைலேஜ்காரர் கட்டையை இறுகப் பிடித்தார். மாட்டினான். இவனை அப்படியே கம்பெனி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால், இனி எவன் மனு என்று வாயைத் திறப்பான்?

உருவம் அக்கம்பக்கம் பார்த்தது. பிறகு சாவி போட்டு டாங்க் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அடப்பாவி, கள்ளச்சாவி வேறு செய்து வைத்திருக்கிறான். சற்று நேரத்தில் பெட்ரோல் களகளவென்று இறங்கும் சத்தம் வந்தது, வாடையும் எழுந்தது. ஒவ்வொரு சொட்டும் தன் மீசையிலிருந்து ஒவ்வொரு மயிராகப் பிடுங்குவதுபோல் வலித்தது அவருக்கு.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒரே தாவலில் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். மறுகையில் கட்டை ஓங்கியபடி நின்றது.

மணிக்கட்டில் வளையல் நெரிந்தது. போர்வை தோளில் சரிந்தது.

மனைவி.

ஓங்கிய கை தானாக இறங்கியது. பால் குறைந்தது, பஸ் நின்றது எல்லாம் நினைவுக்கு வந்தது. கைச்செலவுக்கு இல்லாமல் எடுத்து விற்கிறாளா? இல்லை, மாடிவீட்டுக்காரனுக்கு உடந்தையா?

"நீயா? கட்டின புருஷன் வண்டியிலயே பெட்ரோல் எடுக்கறியா?"

அவள் கேனைச் சாயவிடாமல், ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கலைங்க. நீங்க மயங்கி விழுந்த நாள்லேருந்து ஊத்திட்டிருக்கேன்."