கடைக்காரன் தலையில் கட்டிய மிஷின்

டாக்டர் ஸ்கேன் படத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த கர்ப்பிணியின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"குழந்தை வளரவே இல்ல. இவங்க பிரஷரும் எகிறிக் கிடக்கு. வீட்டுல தினமும் பாக்கச் சொன்னேனே?" என்று அவள் கணவனிடம் கேட்டார்.

"பாத்தோம் டாக்டர். நான் வேலைக்குக் கிளம்புறப்ப அம்மா மிஷினைக் கொண்டுவந்து காட்டுவாங்க. எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு." அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. "கடைக்காரன் ஓட்டை மிஷினைத் தலையில கட்டிட்டான். அவனைச் சும்மா விடமாட்டேன்."

"கொண்டுவந்திருக்கீங்களா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். டாக்டர் பட்டையை அவன் மனைவியின் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். ஆஸ்பத்திரி மிஷின் காட்டிய அதே அளவைத்தான் இதுவும் காட்டியது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"அவளைத் திட்டாதப்பா" என்றாள் கட்டில் ஓரம் நின்ற அவன் அம்மா. "பிரஷர் ஏறினா குறைமாசத்துலயே எடுத்துடுவாங்க, இன்னும் கொஞ்ச நாள் உள்ள இருந்தா பிள்ளை தேறிடும்னு அழுதா. மனசு கேக்கல. தினமும் பட்டையை என் கையிலதான் சுத்திக்கிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பிரஷர் வியாதிதாம்மா உள்ள இருக்கற பிள்ளைக்குச் சாப்பாடு போகவிடாம பண்ணுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

முடிக்காமல், ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தார்.

நர்ஸ் மறுபடியும் பட்டையோடு வந்தபோது, யாரும் கேட்காமலேயே கட்டிலில் கிடந்தவள் தன் கையை நீட்டினாள்.