கட்டியின் மேல் பழி

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பிரச்சினை இத்தோட முடிஞ்சிடும்."

மேனேஜர் தாளை மேஜைமேல் நகர்த்தினார். எதிரே நின்றவள் குளிர்பதனக் கிடங்கில் ஸ்டாக் எழுதுகிறவள். எட்டு வருஷ சர்வீஸ். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள் என்பதால் கிடங்கில் அவளுக்கு 'வாய்ப்பூட்டு' என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவள்தான் போன வியாழக்கிழமை, கிடங்கைப் பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் முன்னால் மேனேஜரைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டாள்.

"ஃப்ரீசர் ரூமை உள்ள இருந்து திறக்கிற கைப்பிடி உடைஞ்சு நாலு மாசமாச்சு. நேத்து லோடுமேன் உள்ள மாட்டிக்கிட்டு இருபது நிமிஷம் கதவைத் தட்டியிருக்கான். நீங்க ஒரு தடவை உள்ள போய் நில்லுங்க சார், நான் வெளியே இருந்து சாத்தறேன்."

வேறு இடமாக இருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். நம் மேனேஜர் தங்கமான மனிதர். அவளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"உங்க இன்சூரன்ஸ் ஃபைல் நேத்துதான் என் மேஜைக்கு வந்துச்சு. அட்ரினல் சுரப்பில கட்டியாமே. சொல்லவே இல்லையேம்மா."

"யாரும் கேக்கலை சார்."

"நெட்ல படிச்சுப் பார்த்தேன். அந்தக் கட்டி வந்தா ஹார்மோன் தாறுமாறா சுரக்குமாம். நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், கை நடுங்கும். ஆளு நிதானத்துலயே இருக்க முடியாதாம். அன்னைக்குப் பேசுனது நீங்க இல்லம்மா, அந்தக் கட்டி."

பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் பெண் அவள் கையைத் தொட்டாள். "போட்டுடுங்கக்கா. சார் பெரிய மனசு பண்ணி முதலாளிகிட்ட பேசியிருக்கார். இல்லேன்னா வேலை போயிடும்."

அவள் தாளை எடுத்துப் பொறுமையாகப் படித்தாள். முதல் மூன்று வரிகளில் அவளுடைய நோய். அதற்குக் கீழே, கைப்பிடி பழுது என்று நான் சொன்னதும் நோயின் வேகத்தில் சொன்னதே, அதை வாபஸ் பெறுகிறேன் என்று இருந்தது.

"கைப்பிடி எதுக்கு சார் இதுல வருது?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"மாத்தியாச்சா?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்தணும்னா பழுதுன்னு எழுதிக் காட்டணும். எழுதினா, நாலு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு என் தலைதான் உருளும். புரிஞ்சுக்கங்கம்மா. உங்க வேலையும் தப்பிக்கும், என் வேலையும் தப்பிக்கும்."

"லோடுமேன்?"

மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.

அவள் தாளை மடித்து அவர் பக்கமே தள்ளினாள். "போட மாட்டேன் சார். வேலையை விட்டுத் தூக்குங்க. ஆனா தூக்குற லெட்டர்ல, கைப்பிடியைக் கேட்டதுக்காகன்னு காரணம் எழுதுங்க. அதை எங்க கொண்டுபோய்க் குடுக்கணுமோ அங்க குடுத்துக்கறேன்."

"பாத்தியா?" என்றார் மேனேஜர், டைப்பிஸ்டிடம். "கட்டி எப்படிப் பேசுது பாரு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, கையும் நடுங்கவில்லை. அது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

"இன்சூரன்ஸ் ஃபைல்ல மேல் தாளை மட்டும் படிச்சிருக்கீங்க சார். அடுத்த தாளையும் படிங்க."

டைப்பிஸ்ட்தான் ஃபைலை எடுத்துப் புரட்டினாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. "ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு சார். கட்டியை முழுசா எடுத்தாச்சு, ஹார்மோன் எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

மேனேஜர் விழித்தார். "அப்ப வியாழக்கிழமை பேசுனது?"

"நான்தான். எட்டு வருஷமா எதையாவது கேக்கணும்னு வாயைத் திறந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், வேர்த்துக் கொட்டும். நாம பிறவிப் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்கிட்டு வாயை மூடிக்குவேன். இத்தனை வருஷமா அந்தக் கட்டி உங்களுக்குத்தான் சார் வேலை பார்த்திருக்கு."