பதினொன்றாவது பக்கம்

"23 ஜூன் 2011. சர்வரில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். எந்தக் கோப்பைக் காட்டலாம் என்று சொல்லும் பாதுகாப்பு லேபிள்களைத் திருத்த மறந்தேன். வகுப்பில் எங்கள் யாருடைய இணையப் பக்கமும் திறக்கவில்லை. தவறு என்னுடையது."

தக்கலை கணினி மாலை வகுப்பில் பிரிஜா நாட்குறிப்பை மூடினாள். நாளை தேர்வாளர் வருகிறார். சிறந்த பக்கம் செய்தவருக்கு வேலை, ஒரே ஒரு வேலை.

"ஏட்டி, இதுக்கா அழுக? நீ வீட்டுக்குப் போ. லேபிள காலையில நான் வந்து திருத்துவேன்" என்றாள் தோழி லிஜி.

"தப்பு எனக்கதுல்லா மக்கா?"

"அதாக்கும் சொல்லியேன், இன்னும் கெடுத்து வைக்காத!"

இப்படியொரு தோழியைச் சிரமப்படுத்த மனம் வரவில்லை. லிஜி பஸ் ஏறியதும் பிரிஜாவே லேபிள்களைத் திருத்தினாள். பிறகு, தேர்வாளர் பார்க்கப்போகும் வரிசையிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து சரிபார்த்தாள்.

பதினொன்றாவது லிஜியுடையது. பிரிஜாவுடையது அதற்கு அடுத்தது.

லிஜியின் பக்கத்தில் கரைக்கு வரும் மீன்களின் விலைப்பட்டியல் இருந்தது. பிரிஜா மூன்று மாதம் உட்கார்ந்து செய்த அதே பட்டியல், அதே நிறங்கள். ஆக்கியவர் பெயரை மட்டும் லிஜி மாற்றியிருந்தாள். மீன்பிடி வள்ளத்தின் படத்துக்குக் கீழே இருந்த வரியை மாற்ற மறந்திருந்தாள்: 'வள்ளத்தில் நிற்பவர் என் அப்பா.'

லிஜியின் அப்பாவுக்குப் புதுக்கடை ஊரில் ஜவுளிக்கடை. படத்தில் நின்றவர் மரியான், பிரிஜாவின் அப்பா.

பிரிஜா நாட்குறிப்பை மறுபடி திறந்தாள்.

"நாளைய வேலை: அப்பாவைக் கடலுக்கு விடாமல் தேர்வுக்கு அழைத்துப்போக வேண்டும்."