அலமாரிக்குள் குண்டு பல்பு

கழுத்தில் மஃப்ளரோடு ஸ்டூலில் ஏறி, வீட்டில் பதினோரு பல்புகளை எல்.ஈ.டி.யாக மாற்றிவிட்டார் வரதன். பன்னிரண்டாவதைத்தான் மனைவி மாதங்கி தொடவிடவில்லை. அது சமையலறை அலமாரிக்குள் எரியும் அறுபது வாட் குண்டு பல்பு.

"ஏன்னா, இதை மட்டும் விட்டுடுங்கோ."

"மூடின அலமாரிக்குள்ள ராத்திரி பூரா யாருக்குடி வெளிச்சம்?"

"எனக்கு வெளிச்சமே வேண்டாம். பல்புதான் வேணும்."

வரதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சமையலறைப் பக்கமே தலைகாட்டாத மனிதர், அன்று மாலை அவள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனதும் உள்ளே நுழைந்தார். அலமாரியிலிருந்த பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பல்பை மாற்றினார். திரும்பி வந்த மாதங்கி, கதவிடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

மறுநாள் காலை, வரதனின் மின்சாரச் சிக்கனத்தைப் பார்க்க அவர் ஆபீஸ் டைரக்டர் குப்தா டிபனுக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு பல்பாகப் பார்த்து, "வாஹ், வரதன்ஜி!" என்று மெச்சினார். பிறகு உட்கார்ந்து, தட்டில் இருந்ததை ஸ்பூனால் குத்தினார். ஸ்பூன் வளைந்தது.

"யே க்யா ஹை?"

வரதன் சமையலறைக்கு ஓடினார். "என்னடி இட்லி, கல்லு மாதிரி?"

மாதங்கி அலமாரியைக் காட்டினாள்.

"டெல்லிக் குளிர்ல மாவு தானாப் பொங்குமா? இத்தனை வருஷமா குண்டு பல்போட சூட்டுலதான் பொங்கித்து. உங்க பல்புல ஏது சூடு? பாவம், அந்த வெளிச்சத்துல மாவு ராத்திரி பூராத் தூங்காம முழிச்சிண்டு இருந்திருக்கு!"