மஞ்சள் லேபிள்

கிளாஸை உதட்டருகே கொண்டுபோனதும் அவர் தட்டிவிட்டார். பாதி அவள் புடவையில் கொட்டியது.

புருஷனுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டவர் சாப்பிட உட்காராமல் வாசலில் எலெக்ட்ரீஷியனோடு வாயடித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் அவள் வெளியே வந்து பார்த்தபோது, எலெக்ட்ரீஷியன் போய்விட்டிருந்தார். இவர் சட்டை தொப்பலாக நனைந்து நாற்காலியில் சரிந்திருந்தார். விரலைக் குத்திப் பார்த்தாள். கருவி ஐம்பத்திரண்டு காட்டியது.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் உண்டு. மஞ்சள் லேபிள். போன தடவை திறந்தது, முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது.

அதன் பக்கத்திலேயே அவர் தினமும் குடிக்கும் பச்சை லேபிள். அதே கம்பெனி, அதே நிறம், அதே நுரை. சர்க்கரை மட்டும் பூஜ்யம்.

லேபிள் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. முன்பக்கத்தில் என்ன பீற்றிக்கொண்டாலும் பாட்டிலைத் திருப்பி, பின்னாலிருக்கும் பொடி எழுத்தைத்தான் படிப்பாள். கால் பாட்டிலுக்கு மட்டும் கணக்குச் சொல்லி நல்ல பிள்ளையாக நடித்தால், நாலால் பெருக்கிப் பார்ப்பாள். சர்க்கரை என்று எழுதக் கூச்சப்பட்டுக் குளுக்கோஸ் சிரப் என்று போட்டிருந்தாலும் பிடித்துவிடுவாள். கடையில் அவளுக்கு 'லேபிள் அக்கா' என்றே பெயர்.

மஞ்சள் லேபிளில் நூறு மில்லிக்குப் பதினோரு கிராம் சர்க்கரை. ஒரு கிளாஸ் உள்ளே போனால் கால் மணி நேரத்தில் ஏறிவிடும்.

"வேண்டாம்" என்றார் அவர் குழறலாக. பல்லைக் கடித்துக்கொண்டார்.

சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் முரண்டு பிடிப்பார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குடிக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்ட காலமெல்லாம் திருட்டுத்தனமாகக் குடித்த மனுஷன், குடியுங்கள் என்று கெஞ்சும்போது பிகு பண்ணுகிறார்.

தாடையைப் பிடித்துக் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டினாள். விழுங்கினார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்துக் கருவி நாற்பத்துநான்கு காட்டியது.

இன்னொரு கிளாஸ் ஊற்றினாள். அவசரத்தில் விரலில் வழிந்ததை நக்கினாள்.

இனிப்பு. அதன் பின்னாலேயே அடிநாக்கில் லேசான ஒரு கசப்பு.

அவர் தினமும் மிச்சம் வைப்பதைக் கொட்ட மனசு வராமல் அவள்தான் குடிப்பாள். அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். பச்சை லேபிள்.

மஞ்சளைக் குடித்துத் தீர்த்துவிட்டு, அளவு குறைந்தது தெரியாமலிருக்கப் பச்சையை ஊற்றி வைத்திருக்கிறார்.

சமையலறைக்கு ஓடினாள். சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து, விரலால் அவர் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேய்த்தாள். இந்தத் தடவை அவர் தட்டிவிடவில்லை. பல்லைக் கடிக்கவுமில்லை. கண்ணை மூடியபடியே விரலைச் சப்பினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் கிளாஸிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. புத்தி தடுமாறவில்லை. அவளிடம் 'இது பச்சை' என்று ஒரு வார்த்தை சொல்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று இருந்திருக்கிறார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்து, கடைசியில் இதுதானா என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது.

மெல்ல மெல்ல எண் ஏறியது. அவர் முழிப்பதற்குள் சர்க்கரைக் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"நல்லவேளை, இந்தப் பாட்டில் இருந்துச்சு. இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?" என்றாள், அவர் முகத்தையே பார்த்தபடி.

அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "நீ பாத்து வாங்குனதாச்சே."