குரைக்கத் தெரியாத டைனா

கீழ்ப்படிதல் வகுப்பில் டைனாவுக்குத்தான் முதல் பரிசு. குரைக்காதே என்றதிலிருந்து அது குரைத்ததே இல்லை. எது வேண்டுமானாலும் எஜமானி வனஜாவின் முன்னால் உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கும்.

ஒரு மதியம், அந்த வீட்டுக் குட்டிநாய் மிட்டு தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது.

“அக்கா, குரைச்சு அம்மாவைக் கூப்பிடு!” என்று தத்தளித்தது.

“குரைச்சா திட்டுவாங்கடா. இரு, முறையாப் போய்ச் சொல்றேன்” என்று டைனா உள்ளே ஓடியது.

நாய்க்குத் தயிர்சாதம் ஆகுமா என்று வனஜா தோழியிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். டைனா எதிரே உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கியது.

“என் சமத்து!” என்று பிஸ்கட் ஒன்றை நீட்டினாள். டைனா அதைத் தொடவில்லை. தூக்கிய காலை இறக்கவுமில்லை. அவள் பேச்சைத் தொடர்ந்தாள்.

தொட்டியில் தண்ணீர் அலம்பும் சத்தம் நின்றது. அப்போதுதான் டைனா குரைத்தது.

“சீ, வாயை மூடு!” என்றாள் வனஜா.