வலப்பக்க நீலம்

"நீலம் வலப்பக்கம் வந்திருக்கிறதே, கோகிலா," என்றார் இராஜரத்தினம் வாத்தியார்.

காஜா பேராங் பகுதியில் கோகிலாவின் வீட்டுக் கூடம். தரையில் விரித்த பழுப்புக் காகிதத்தின்மேல், மரவள்ளிப் பசையில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளாலான மலாயாக் கொடி. நீலம், உடைத்த மருந்துப் புட்டிகள். சிவப்பு, இடித்த வீடொன்றின் சன்னல் கண்ணாடி. இரண்டு மாத வேலை. அவள் விரலெல்லாம் கீறல். மெர்டேக்கா என்ற சுதந்திர நாளன்று வாசகசாலைச் சுவரில் பதிக்க வேண்டியது.

வாத்தியார் வாசகசாலைச் செயலாளர். கோடுகள் பதினொன்று, நட்சத்திர முனைகள் பதினொன்று என்று இருமுறை எண்ணிப் பார்த்தார். அதிலெல்லாம் பிழை இல்லாதது அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். நல்லவேளை, நீலம் இருந்தது.

"இத இப்படித்தாங்க ஐயா ஒட்டணும். அப்புறம்..." என்று தொடங்கினாள்.

கொடியைப் பற்றித் தமக்குப் பாடம் வேண்டாம் என்றார் அவர். நீலம் இடப்பக்கம் வராவிட்டால் இது சுவரேறாது என்றும் சொன்னார்.

"சரிங்க ஐயா," என்றாள் கோகிலா.

அன்று மாலைக் கூட்டத்திலேயே, கோகிலா கொடியை இடம் வலம் மாற்றித் தப்பாக ஒட்டியதையும் தாம் போய்க் கண்டுபிடித்ததையும் வாத்தியார் சொல்லிவிட்டார். தையல் மிஷின் மிதிப்பவளிடம் நாட்டின் கொடியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார்.

விழாவுக்கு முதல் நாள், சிமெண்டில் பதித்த கொடி வாசகசாலைக்கு வந்தது. முகத்தில் காகிதம் இன்னும் ஒட்டியிருந்தது. உறுப்பினர்கள் சுற்றி நிற்க, கொத்தனார் யூசுப் ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தார்.

நீலம் தெரிந்தது. இடப்பக்கம்.

"நான் போய்ப் பார்த்ததால் தப்பித்தோம்," என்றார் வாத்தியார், எல்லோருக்கும் கேட்கும்படி.

யூசுப் நிமிர்ந்தார். "என்ன வாத்தியாரே, நான் சிமெண்டு ஊத்தினப்போ நீலம் வலப்பக்கம்தானே இருந்துச்சு? காகிதத்துல கவுத்து ஒட்டி, முதுகுல சிமெண்டு ஊத்தித் திருப்புற வேலை இது. திருப்பினா இடம் வலம் மாறிடாதா? அப்புறம் நீங்க எதத் திருத்தினீங்க?"

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார், அது இருமல் இல்லை.

கோகிலா முன்னால் வந்தாள்.

"நீங்க பார்த்தது திருத்தினதுக்கு அப்புறம்ணே. மொதல்ல நான் நீலத்த இடப்பக்கம் தப்பாத்தான் ஒட்டியிருந்தேன். ஐயா வந்து சொல்லலன்னா எல்லாம் கெட்டுப்போயிருக்கும்."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வாசகசாலைத் தலைவர் வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோகிலா அவர் பக்கமே பார்க்காமல், உரித்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட உண்மையில்லை என்று, அவளைத் தவிர, அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும். யார் பேச்சில் பிழை இருந்தாலும் அந்த இடத்திலேயே திருத்திவிடுகிற வாத்தியார், தலையைக் குனிந்துகொண்டார்.

திருத்தவில்லை.